சாதனை மீன் என்கிறார்களா? நம்பும் முன் கேட்க வேண்டியவை

உலக சாதனை மீன் பிடித்ததாக யாராவது சொன்னால் நாம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ?" சாதனை மீன் உண்மையா பொய்யா என்ற வாதத்துக்குள் புதிதாக வருபவர்கள் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

படி 1: எப்படிச் சிக்கியது?

தூண்டில் மீன்பிடிச் சாதனைகளைப் பதிவு செய்யும் பன்னாட்டு அமைப்பான ஐ.ஜி.எஃப்.ஏ. 1939-இல் தொடங்கியது. மீன் இரையைக் கவ்வியதிலிருந்து கரைக்கு வரும்வரை தூண்டில் கோலையும் நூல் சுற்றும் ரீலையும் வேறு யாரும் தொடக்கூடாது என்பது அதன் விதி. வேண்டுமென்றே உடம்பில் கொக்கியை மாட்டி இழுத்தாலும் செல்லாது.

2006 மார்ச்சில் கலிபோர்னியாவின் டிக்சன் ஏரியில் மேக் வீக்லி ஒரு பாஸ் மீன் (பெரிய வாய் கொண்ட நன்னீர் மீன்) பிடித்தார். கைத்தராசில் 25 பவுண்டு 1 அவுன்ஸ், அதாவது சுமார் 11.4 கிலோ (16 அவுன்ஸ் ஒரு பவுண்டு). அதுவரை இருந்த சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ்தான். ஆனால் கொக்கி மாட்டியிருந்தது வாயில் அல்ல, விலாவில். மீனை ஏரியிலேயே விட்டுவிட்டார்கள், சாதனைக்கும் விண்ணப்பிக்கவில்லை. என்னைக் கேட்டால், இந்த விளையாட்டில் இதைவிட நேர்மையான முடிவு அபூர்வம்.

படி 2: எங்கே எடை போட்டார்கள்?

தரையில் நிறுக்க வேண்டும். அலையில் ஆடும் படகில் நிறுத்த எடை செல்லாது. தராசுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மீனின் வயிற்றையும் மறக்காதீர்கள். 2022-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், ஈரி ஏரியில் வால்ஐ என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டியில் ஐந்து மீன்கள் சேர்ந்து கிட்டத்தட்ட 34 பவுண்டு காட்டின. பார்த்தால் அவ்வளவு கனம் தெரியவில்லை. நடத்தியவர் அங்கேயே கத்தியால் கிழித்தார், உள்ளே ஈயக்குண்டுகள்!

படி 3: எவ்வளவு தாண்டியது?

ஜப்பானின் பிவா ஏரியில் 2009-இல் மனாபு குரிட்டா பிடித்த பாஸ், அந்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் சாதனையைவிட ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல். 25 பவுண்டுக்குக் குறைந்த மீன் என்றால் 2 அவுன்ஸாவது தாண்ட வேண்டும். அதனால் அது சமன் என்றே பதிவானது. அவரைப் பொய் கண்டறியும் சோதனைக்கும் உட்படுத்தினார்கள்.

அவர் சமன் செய்தது யாரை? 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிடித்த ஜார்ஜ் பெர்ரியை. அந்த மீனை எடை போட்டுவிட்டு வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்! இன்று அப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் தேறுமா என்பது சந்தேகமே.

படி 4: குற்றம் சாட்டுபவரையும் விசாரியுங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 1955-இல் அமெரிக்காவின் டேல் ஹாலோ ஏரியில் டேவிட் ஹேஸ் பிடித்த ஸ்மால்மவுத் பாஸ் (சிறிய வாய் கொண்ட வேறு இனம், அதற்குத் தனிச் சாதனை) 11 பவுண்டு 15 அவுன்ஸ். மீனுக்குள் உலோகத்தைத் திணித்து எடை கூட்டியதாகப் படகுத்துறை ஊழியர் ஒருவர் கொடுத்த பழைய வாக்குமூலம் வெளிவந்ததும், 1996-இல் சாதனையை நீக்கினார்கள். மறுவிசாரணையில் அந்த வாக்குமூலம் நிற்கவில்லை. 2005-இல் சாதனை அவரிடமே திரும்பியது. சான்று கேட்பதென்றால் இரண்டு பக்கமும் கேளுங்கள்.