கிட்டார் ஆம்புக்கு ட்யூப் மாத்தணுமா? வாங்குறதுக்கு முன்னாடி எது போச்சுன்னு கண்டுபிடிங்க

ஆம்ப்ல கொரகொரன்னு சத்தம் வந்த உடனே முழு செட் ட்யூப் (ஆம்புக்குள்ள சத்தத்தைப் பெருக்குற கண்ணாடிக் குழாய்) ஆர்டர் போடாதீங்க. நான் முதல் தடவை அப்படித்தான் வாங்கினேன், எல்லாத்தையும் மாத்தின அப்புறம் பழசை ஒண்ணொண்ணா போட்டுப் பார்த்தா போயிருந்தது ஒரே ஒரு சின்ன ட்யூப். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், அதாவது '65 ரீஇஷ்யூ (1965 மாடலைத் திரும்பப் போட்டது), 22 வாட் ஆம்பை வச்சு சொல்றேன், மத்த ஆம்புக்கும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

1. ஆஃப் பண்ணுங்க, ஆறவிடுங்க

ப்ளக்கையும் உருவிடுங்க. பின்பக்க பலகைய கழட்டினாலே ட்யூப் கைக்கு எட்டும், சேஸிய (சர்க்யூட் இருக்கிற உலோகச் சட்டம்) வெளிய எடுக்கவே வேணாம், ஏன்னா உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல ஆஃப் பண்ண பிறகும் 400 வோல்ட்டுக்கு மேலயும் நிக்கலாம், உயிருக்கே ஆபத்து. ஸ்பீக்கர் வயர் இல்லாம ஆன் பண்ணவும் கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும்.

2. எந்த இடத்துல என்ன இருக்குன்னு குறிச்சுக்கோங்க

இதுல மொத்தம் 9: நாலு 12ஏஎக்ஸ்7, ரெண்டு 12ஏடி7 (இந்த ஆறும் சின்ன ட்யூப்), ரெண்டு 6வி6 (ஸ்பீக்கரை ஓட்டுற பெரிய பவர் ட்யூப்), ஒரு ஜிஇசட்34 (ஏசி கரண்ட்டை டிசியா மாத்துற ரெக்டிஃபையர் ட்யூப்). பின்னாடி நின்னு பார்த்தா வலது கோடில இருக்கிறது வி1, அங்கிருந்து இடது பக்கமா எண்ணிட்டு வாங்க. கடைல இசிசி83ன்னு எழுதியிருந்தா குழம்பாதீங்க, 12ஏஎக்ஸ்7க்கு ஐரோப்பாவுல அதான் பேரு.

3. எது போச்சு?

இதுலதான் நேரம் செலவழிக்கணும். ஆம்பை ஆன்ல வச்சு, பென்சிலோட மரப்பகுதியால ஒவ்வொரு சின்ன ட்யூபையும் லேசா தட்டுங்க. ஸ்பீக்கர்ல டிங்னு மணி மாதிரி கேட்டா அது மைக்ரோஃபோனிக் ஆயிடுச்சு, அதாவது அதிர்வையே மைக் மாதிரி சத்தமாக்குது (வி1, வி2ல கொஞ்சம் கேக்குறது சகஜம், சத்தம் ரொம்ப வந்தா மட்டும் மாத்துங்க). இந்த ஆம்புல நார்மல், வைப்ராட்டோன்னு ரெண்டு சேனல். வைப்ராட்டோ சேனல்ல மட்டும் தொல்லைன்னா வி2வ சந்தேகப்படுங்க. நார்மல் சேனலோட வி1ம் அதே 12ஏஎக்ஸ்7தான், அதனால ரெண்டையும் இடம் மாத்திப் பாருங்க, தொல்லையும் கூடவே நகர்ந்தா ஆள் சிக்கியாச்சு, காசு செலவே இல்ல. ரிவெர்ப் (எதிரொலி) மட்டும் காணோம்னா வி3 இல்ல வி4, ட்ரெமலோ (சத்தம் ஏறி இறங்குற எஃபெக்ட்) நின்னா வி5. ஃப்யூஸ் அடிக்கடி போகுது, பெரிய ட்யூபுக்குள்ள தகடு செவசெவன்னு பழுக்குதுன்னா உடனே ஆஃப் பண்ணுங்க, அது பவர் ட்யூப் பக்கம்.

4. சின்ன ட்யூப் வாங்குறது

இதுக்கு பயஸ் (வாசிக்காம சும்மா இருக்கும்போது ட்யூப்ல ஓடுற கரண்ட்டோட அளவு) பாக்க வேணாம், உருவிட்டு சொருகலாம். கெயின் (சிக்னலைப் பெருக்குற அளவு) கணக்கு 12ஏஎக்ஸ்7க்கு 100, அதுக்கு பதிலா போடக்கூடிய 5751க்கு 70, 12ஏடி7க்கு 60. க்ளீன் சத்தம் சீக்கிரமே உடைஞ்சு கரகரன்னு ஆகுதுன்னா வி2ல 5751 போட்டுப் பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச மாற்றம் அது. வி3, வி6ல மட்டும் 12ஏடி7யே இருக்கட்டும்.

பிராண்ட் பேரைப் பார்த்து மயங்காதீங்க. எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், டங்-சால், சோவ்டெக், இப்ப வர்ற முல்லார்டு எல்லாம் ரஷ்யாவோட சராட்டோவ்ல ஒரே ஃபேக்டரி, பழைய இங்கிலாந்து முல்லார்டு வேற. ஜேஜே ஸ்லோவாக்கியா.

5. பவர் ட்யூப்

மேட்ச் பண்ண ஜோடியா, அதாவது ரெண்டும் ஒரே அளவு கரண்ட் இழுக்கிற மாதிரித்தான் வாங்கணும். 6எல்6ம் அதே சாக்கெட்ல உக்காரும், ஆனா சூடேற மட்டும் 0.9 ஆம்பியர் கரண்ட் இழுக்கும், 6வி6க்கு 0.45 போதும், அந்த பாரத்தை இந்த ஆம்போட ட்ரான்ஸ்ஃபார்மர் தலைல கட்டாதீங்க. டீலக்ஸ் 400 வோல்ட்டைத் தாண்டி கொடுக்கும், அதைத் தாங்குற 6வி6 வேணும்னு கேட்டு வாங்குங்க, ஜேஜே 6வி6எஸ் தாங்கும்.

மாத்தினா பயஸ் செட் பண்ணியே ஆகணும். 14 வாட் வரைக்கும் சூடு தாங்குற ட்யூபுக்கு, அதுல 70 சதவீதம்னா 9.8 வாட், ப்ளேட்ல (ட்யூபுக்குள்ள இருக்கிற தகடு) 410 வோல்ட் இருந்தா ஒரு ட்யூபுக்கு சுமார் 24 மில்லிஆம்ப், அதுதான் மேல் எல்லை, கொஞ்சம் கம்மியா இருந்தா ட்யூப் நாள்பட வரும். இதை கரண்ட் ஓடும்போதுதான் அளக்கணும்ங்கிறதால முதல் தடவை ஆம்ப் மெக்கானிக்கிட்ட கொடுத்து, பக்கத்துல நின்னு பாருங்க.

ஜிஇசட்34 நல்லா இருந்தா தொடவே வேணாம்.