துடிப்பு ஏறினால் உடனே பதறாதீர்கள்: பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளின் வீட்டில் நடக்கும் தவறுகள்

கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ஆக்சிஜனையும் நாடித் துடிப்பையும் பார்க்கும் கருவி) மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்ட வீடுகளில் இன்னும் கிடக்கிறது. பெருமூளை வாதமுள்ள (மூளை பாதிப்பால் கை, கால் அசைவு கட்டுக்குள் வராத) பிள்ளை அழுது ஓய்ந்ததும் விரலில் மாட்டுவார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 130 என்று காட்டும். "இதயத்திலும் கோளாறா?" என்று வீடே கலங்கிவிடும்.

அழுத கையோடு பார்ப்பதுதான் தவறு. அழுகையும் தசை இறுக்கமும் அடங்கி, ஐந்து நிமிடமாவது சாய்ந்திருந்த பிறகு பாருங்கள். கை துள்ளினால் கருவி தப்பாகக் காட்டும். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுவது மேல். பள்ளி வயதுப் பிள்ளை விழித்திருக்கும்போது 75 முதல் 118 வரை சாதாரணம்.

பெருமூளை வாதத்தில் பாதிக்கப்பட்டது மூளை. இதயம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் துடிப்பைக் கூட்டும் நரம்புகளும், குறைக்கும் வேகஸ் நரம்பும் மூளை சொல்வதைத்தான் கேட்கின்றன. அதனால் சிலருக்கு ஓய்விலேயே துடிப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும்; படுத்தவர்களை நிமிர்த்தும்போது உடல் அதற்கேற்பச் சட்டென்று மாறாது. படுத்திருந்த பிள்ளையை அப்படியே தூக்கி, நிற்கும் சட்டத்தில் (நிற்கவைத்துத் தாங்கிப் பிடிக்கும் கருவி) வைத்துக் கட்டிவிடாதீர்கள். கால் தசைக்கு வலுவில்லாததால் ரத்தம் கீழேயே தங்கி, முகம் வெளுக்கும், வியர்க்கும், கண் சொக்கும். பார்ப்பவருக்கு அது தூக்கம்போலத் தெரியும். தட்டி எழுப்பாமல் உடனே படுக்க வையுங்கள். அடுத்த முறை முதலில் சாய்த்து, உட்காரவைத்து, அப்புறம் நிறுத்துங்கள்.

இதற்கு நேர்மாறாக, படபடப்புக்குப் பயந்து பயிற்சியையே நிறுத்துகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. நடக்க இவர்களுக்கு மற்ற பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு சக்திகூடச் செலவாகலாம். துடிப்பு ஏறத்தான் செய்யும். உட்காரவைத்த பிறகு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதைக் குறித்துவைத்து, பி.டி.கே. (சமூக மறுவாழ்வு மையம்) ஆசிரியரிடமோ பிசியோவிடமோ காட்டுங்கள். படுத்தே கிடக்கும் உடலில் ஓய்வுத் துடிப்பு இன்னும் கூடும்.

மருந்தையும் கவனியுங்கள். தசை தானாக முறுக்கிக்கொள்வதைக் குறைக்கத் தரும் டிரைஹெக்சிபெனிடில் துடிப்பைக் கூட்டும், வியர்வையைக் குறைக்கும். தகரக் கூரையடியில் மத்தியான வெக்கையில் அந்தப் பிள்ளையின் உடம்பு கொதித்துப்போகும். நிழல், காற்றாடி, தண்ணீர் மூன்றும் வேண்டும். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் வேறு கதை. தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அதை மறந்துவிட்டு வந்தால், திடீரென நின்ற மருந்தால் காய்ச்சலும் படபடப்பும் வலிப்பும்கூட வரலாம்.

பேசாத பிள்ளை என்றால் இன்னொன்று. பேம்பர்ஸ் மாற்றக் காலை விரிக்கும் ஒவ்வொரு முறையும் துடிப்பு எகிறி, முகம் சுருங்கினால், "அடம்" என்று விட்டுவிடாதீர்கள். இடுப்பு மூட்டு நழுவியிருக்கலாம். மலச்சிக்கல், பல்வலி, காதுவலிக்கும் இப்படி ஆகும். கிளினிக்கில் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) துடிப்பு எண்ணோடு சேர்த்து, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். உதடு நீலமானாலோ, மூச்சு வாங்கினாலோ, மயங்கினாலோ கிளினிக்குக்குக் காத்திருக்க வேண்டாம், 999 அழையுங்கள்.