இரண்டு மருந்து, ஒரு மாத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்தை மாத்திரையாக வடிவமைக்கும் ஃபார்முலேஷன் பிரிவுக்குப் புதிதாக வரும் மருந்தியல் பட்டதாரிகளிடம் கூட்டு மாத்திரை ஒன்றை உருவாக்கும் பொறுப்பைக் கொடுத்தால், நாங்கள் அந்த வயதில் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். அதைத் தொடர்ந்து பார்த்து வருவதால்தான் இதை எழுத நேர்ந்தது. தராசைச் சரிபார்க்காமல் விடுவது, பேட்ச் பதிவேட்டில் கையெழுத்திட மறப்பது போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை; அவற்றை மேற்பார்வையாளர் ஒரே வாரத்தில் திருத்திவிடுவார். ஆறு மாதம் கழித்து, பணமெல்லாம் செலவான பிறகு தலைகாட்டும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒரு மருந்தின் துணைப்பொருளை மற்ற மருந்தோடு சோதிக்காமல் விடுவது

இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் டெல்மிசார்டானும் அம்லோடிபினும் தனித்தனியே பல ஆண்டுகளாக விற்பனையில் உள்ளவை என்பதால், இரண்டையும் கலந்து அழுத்தினால் வேலை முடிந்துவிடும் என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். டெல்மிசார்டான் நீரில் எளிதில் கரையாது. ஆகவே அதன் மாத்திரையில் சோடியம் ஹைட்ராக்சைடையும் மெக்ளுமினையும் துணைப்பொருள்களாக, அதாவது மருந்தல்லாத சேர்மானங்களாகச் சேர்த்து, காரச் சூழலை உண்டாக்கிக் கரைய வைக்கிறோம். அம்லோடிபினுக்கோ அந்தக் காரமே ஆகாது. போதாக்குறைக்கு, டெல்மிசார்டான் கலவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், சிதைவுக்குத் தேவையான தண்ணீரும் மாத்திரைக்குள்ளேயே வந்து சேர்ந்துவிடுகிறது.

எது எதோடு ஒத்துப்போகிறது என்று காட்ட, புதியவர்கள் தயாரிக்கும் பொருத்தப்பாட்டு அட்டவணையைப் பாருங்கள். டெல்மிசார்டானோடு மெக்ளுமின், அம்லோடிபினோடு நுண்படிகச் செல்லுலோஸ், பிறகு இரண்டு மருந்துகளும் ஒன்றோடொன்று என எல்லாக் கட்டங்களிலும் ‘சரி’ என்ற குறி இருக்கும். அம்லோடிபினோடு மெக்ளுமின் என்ற கட்டம் மட்டும் இருக்காது. மெக்ளுமின் ‘அந்த மருந்தின் ஆள்’ என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். மாத்திரைக்குள் அப்படி எந்த வேலியும் கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் குழு இப்படிச் சிக்கிக்கொண்டு என்னிடம் ஆலோசனைக்கு வந்தது. இரண்டடுக்கு மாத்திரை இயந்திரம் மெதுவாக ஓடும், செலவும் கூடும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே அடுக்காக அழுத்தியிருந்தார்கள். தொடக்கத்தில் மருந்தளவும் கரைவும் குறையில்லாமல் இருந்தன. 40 டிகிரி செல்சியஸ், 75 சதவீத ஈரப்பதத்தில் வைத்த மாதிரிகளை மூன்றாம் மாதம் பிரித்தபோது, வெள்ளை மாத்திரைகளின் விளிம்பில் வைக்கோல் நிறம் ஏறியிருந்தது, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் வரைபடத்தில் அம்லோடிபின் முகட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு முகடு முளைத்திருந்தது. அப்போதும் கலவையின் மீது யாருக்கும் சந்தேகம் எழவில்லை. ‘கருவியின் பிரிப்புக் குழாய் பழையது’ என்று புதிய குழாய் வாங்கினார்கள். பிறகு பிளிஸ்டரில் கசிவு என்று சொல்லி, மெதிலீன் நீலக் கரைசலில் அட்டை அட்டையாக அமிழ்த்திப் பார்த்தார்கள்; ஒரு குமிழிலும் நீலம் இறங்கவில்லை. கடைசியில் அம்லோடிபினையும் மெக்ளுமினையும் ஒரு சிறு குப்பியில் கலந்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு 50 டிகிரியில் வைக்கச் சொன்னேன். சில நாட்களில் அதே முகடு அதே இடத்தில் வந்து நின்றது. முதல் மாதத்திலேயே ஒரு குப்பியில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்காக, கலவை, நிலைத்தன்மை ஆய்வு, மருந்து உடலில் சரியான அளவில் சேர்கிறதா என்று தன்னார்வலர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்த உயிர்ச்சமானச் சோதனை ஆகிய மூன்றையும் அவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

ஆகவே மாத்திரையில் சேரும் ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு மருந்தோடும், பிறகு அனைத்தையும் ஒன்றாகவும், உலர்ந்த நிலையில் ஒரு குப்பியிலும் ஈரமூட்டிய நிலையில் மற்றொரு குப்பியிலும் வைத்துச் சோதிக்க வேண்டும். சூடேற்றும்போது பொருள் எப்படி மாறுகிறது என்று காட்டும் டி.எஸ்.சி. வரைபடத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. சூடேறும்போது ஒரு பொருள் மற்றொன்றில் உருகிக் கரைந்தாலே முகடு நகர்ந்து வீண் பயம் காட்டும். மெதுவாக நடக்கும் உண்மையான சிதைவோ அதில் தெரியாமலே போகலாம். அம்லோடிபின் பகுதியில் லாக்டோஸ் சேர்ப்பதற்கு முன்பும் ஒரு முறை யோசியுங்கள். அம்மருந்தில் முதன்மை அமீன் இருப்பதால், ஈரம் பட்டால் அது லாக்டோஸோடு வினைபுரிந்து பழுப்பேறும்.

இரண்டடுக்கு முறைக்கும் அதற்கே உரிய தொல்லைகள் உண்டு. முதல் அடுக்கை ஓங்கி அழுத்திவிட்டால் அதன் மேற்பரப்பு வழுவழுப்பாகி, இரண்டாம் அடுக்கு பிடிப்பில்லாமல் பிரிந்து வரும். முதல் அழுத்தம் மென்மையாக இருக்கட்டும்.

வயிற்றை மறப்பது

மாத்திரை பிளிஸ்டருக்குள் நலமாக இருந்தாலே போதும் என்று நினைப்பவர்கள் காசநோய்க் கூட்டு மாத்திரையைப் படிக்க வேண்டும். 150 மி.கி. ரிஃபாம்பிசின், 75 மி.கி. ஐசோனியாசிட், 400 மி.கி. பைராசினமைட், 275 மி.கி. எதாம்பியூட்டால் ஆகிய நான்கும் அதில் ஒன்றாக உள்ளன. வயிற்றின் அமிலத்தில் ரிஃபாம்பிசின் தானாகவே ஓரளவு சிதையும். பக்கத்தில் ஐசோனியாசிட் இருந்தால் இரண்டும் வினைபுரிந்து ஹைட்ரசோன் சேர்மம் உருவாவதால் அந்தச் சிதைவு மேலும் விரைவுபடும். அலமாரியில் தேறிய மாத்திரை உடலுக்குள் குறைந்த ரிஃபாம்பிசினைக் கொடுத்தால், சிகிச்சை தோற்பதோடு மருந்தெதிர்ப்புக்கும் வழி பிறக்கும். உலக சுகாதார நிறுவனம் இத்தகைய மாத்திரைகளில் ரிஃபாம்பிசினின் உயிர்க்கிடைப்பு, அதாவது இரத்தத்தில் சேரும் அளவு, நிரூபிக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தி வருவது இதனால்தான். கரைவுச் சோதனையின்போது, அமில ஊடகத்தில் எவ்வளவு மருந்து வெளிவந்தது என்பதோடு எவ்வளவு சிதைந்தது என்பதையும் அளந்து பாருங்கள்.

சிறு அளவு மருந்தைப் பெரும் அளவில் தொலைப்பது

500 மி.கி. மெட்ஃபார்மினோடு 1 மி.கி. கிளிமெபிரைடு என்பது அரிசி மூட்டைக்குள் கைப்பிடிக் கடுகைச் சீராகப் பரப்பும் வேலை. மொத்தத்தையும் ஒரே தடவையில் கலவைக் கலனில் கொட்டாமல், சிறு அளவு மருந்தைச் சம அளவு துணைப்பொருளோடு கலந்து, படிப்படியாக இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். மாத்திரையில் 25 மி.கி.க்குக் குறைவாக உள்ள மருந்துக்கு எடைச் சீர்மையைக் காட்டித் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு மாத்திரையிலும் மருந்தளவைத் தனித்தனியே அளந்தாக வேண்டும்.

மாத்திரையின் விகிதமே இரத்தத்தின் விகிதம் என்று எண்ணுவது

கோட்ரைமாக்சசோல் மாத்திரையில் டிரைமெத்தோபிரிமும் சல்ஃபாமெத்தாக்சசோலும் 1:5 என்ற விகிதத்தில் உள்ளன. இரத்தத்தில் அது ஏறத்தாழ 1:20 ஆகிறது. டிரைமெத்தோபிரிம் திசுக்களுக்குள் பெருமளவில் பரவிவிடுவதே காரணம். வேண்டிய 1:20 கிடைப்பதற்காகவே மாத்திரையில் 1:5 வைத்தார்கள்.

6 மணி நேரத்துக்கு ஒருமுறை தரும் மருந்தை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தரும் மருந்தோடு கட்டுவது

கட்ட வேண்டாம்.

சட்டத்தைக் கடைசியில் பார்ப்பது

தனித்தனியே ஒப்புதல் பெற்ற இரண்டு மருந்துகளை முதன்முறையாகச் சேர்த்தாலும், ஒப்புதல் பெற்ற கூட்டின் விகிதத்தை மாற்றினாலும், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி அது ‘புதிய மருந்து’ ஆகும். மாநில உரிமத்தை மட்டும் வைத்துத் தொடங்க முடியாது. 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போய், மறு ஆய்வுக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 மருந்துகள் தடைக்குள்ளாயின. 2024 ஆகஸ்டில் மேலும் 156. இவற்றில் பலவற்றுக்கு எதிராகச் சொல்லப்பட்ட காரணம், சேர்ப்பதற்கு மருத்துவ நியாயம் இல்லை என்பதே. விற்பனைப் பிரிவு கேட்டது என்பதை நியாயமாக எந்தக் குழுவும் ஏற்காது.

விண்ணப்பத்தை ஆராயும் நிபுணர் குழு முன் உடை

இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை அல்லது பருத்திச் சேலை, மூடிய காலணி. நிறுவனச் சின்னம் பதித்த டி-ஷர்ட்டும் ஆய்வகக் கோட்டும் வேண்டாம்.

பிளிஸ்டருக்கு வெளியே என்ன ஆகும் என்று பாராமல் விடுவது

ஈரம் இழுக்கும் மாத்திரையை இருபுறமும் அலுமினியத் தகடான ஆலு-ஆலு அட்டையில் அடைத்தவுடன் கவலை தீர்ந்தது என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். நம் ஊர் மருந்துக் கடையில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி நான்கு மாத்திரை கொடுப்பார்கள், வெட்டு சில சமயம் குமிழின் ஓரத்திலேயே விழும். வீட்டிலோ, பெரியவர்கள் வாரம் முழுவதற்குமான மாத்திரைகளைப் பிரித்து, கிழமை எழுதிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவைப்பார்கள். திறந்த தட்டில் மாத்திரைகளைப் பரப்பி, 30 டிகிரியில் அதிக ஈரப்பதத்தில் சில வாரங்கள் வைத்து, கடினத்தன்மை, கரைவு, மாசு ஆகியவற்றைப் பாருங்கள். தேறவில்லை என்றால், உட்கொள்ளும் நேரம் வரை அட்டையிலிருந்து பிரிக்கக் கூடாது என்ற வாசகத்தை அட்டையின் பின்புறத்தில் தமிழிலும் அச்சிடச் சொல்லிக் கேளுங்கள்.