பனையில் அசல் எது, கலப்பு எது? மரத்தடியில் நின்று பார்க்கும் முறை

தோட்டத்தில் அழகுக்கு நட்ட பனைக் குடும்ப மரம் ஒன்றைப் படத்தோடு ஒப்பிடுகிறீர்கள். தண்டு ஒரு இனத்தைக் காட்டுகிறது, மட்டை இன்னொன்றைக் காட்டுகிறது. உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, மரமே கலப்பாக இருக்கலாம். கேனரி ஈச்சை அட்லாண்டிக் தீவுகளைச் சேர்ந்தது, நம் ஈச்ச மரம் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது. காட்டில் இவை சந்திக்க வழியே இல்லை. தோட்டத்தில் பத்தடி தள்ளி நட்டுவிடுகிறோம், அப்புறம் மகரந்தம் தன் வேலையைப் பார்க்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நெட்டைக்கும் குட்டைக்கும் பிறந்த தென்னையையும் கலப்பினம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் பெற்றோர் இரண்டும் ஒரே இனம். இங்கே பார்க்கப்போவது இரண்டு வேறு இனங்கள் சேர்ந்து பிறந்த மரத்தை.

படி 1: சரியான ஓலையைத் தேர்ந்தெடுங்கள்

நாற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்டு தெரிகிற மரமாக இருக்கட்டும். குருத்தும் வேண்டாம், அடியில் தொங்கும் கிழ ஓலையும் வேண்டாம். பொட்டாசியம் குறைந்தால் கிழ ஓலை மஞ்சளாகிப் புள்ளி விழும், அதை இனத்தின் நிறம் என்று நினைத்துவிடுவோம். நடுவயது ஓலை ஒன்றை அடி முதல் நுனி வரை பாருங்கள்.

படி 2: விசிறி ஓலை என்றால் வாஷிங்டோனியாவா என்று பாருங்கள்

வாஷிங்டோனியா ஒரு பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம். இதில் இரண்டே இனங்கள்: ஃபிலிஃபெரா, ரோபஸ்டா. ஃபிலிஃபெராவுக்குத் தண்டு பருமன், ஓலை சாம்பல் கலந்த பச்சை, ஓலை விளிம்பில் வெள்ளை நூல் ஏராளம். வளர்ந்த மரத்தில் மட்டை பச்சையாகவும், கருக்கு (மட்டை ஓரத்து முள்) பெரும்பாலும் கீழ்ப்பாதியிலும் இருக்கும். ரோபஸ்டா ஒல்லியாக உயர்ந்து போகும். ஓலை பளபளப்பான பச்சை. மட்டையின் அடி செம்பழுப்பு, கருக்கு நுனி வரை ஓடும். ஓலையைத் திருப்பி, மட்டை சேரும் இடத்தைப் பாருங்கள்; பழுப்புப் பஞ்சு போன்ற திட்டு இருந்தால் அது ரோபஸ்டா பக்கம்.

இரண்டுக்கும் பிறந்ததை ஃபிலிபஸ்டா என்பார்கள். பருத்த தண்டு, ஆனால் சிவந்த மட்டை என்பது போலக் குணங்கள் கலந்து வரும். நூலை மட்டும் நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். இளம் ரோபஸ்டாவிலும் நூல் இருக்கும், வயதானால்தான் குறையும். தண்டின் பருமனும் தண்ணீர், நிழலைப் பொறுத்து மாறும். குறைந்தது மூன்று குணங்களாவது சேர்ந்து ஒரே இனத்தைச் சொல்ல வேண்டும்.

படி 3: ஈச்சை வகை என்றால் பொறுமை வேண்டும்

கீற்று ஓலை, அதன் அடிக்கீற்றுகள் நீண்ட முள்ளாக மாறியிருக்கின்றன என்றால் அது ஃபீனிக்ஸ் பேரினம். கலப்பு அதிகம் நடப்பது இதில்தான். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி என்பதால் ஒவ்வொரு விதைக்கும் தகப்பன் வேறு மரம்தான், அது எந்த ஃபீனிக்ஸ் இனமாகவும் இருக்கலாம்.

கேனரி ஈச்சை ஒற்றைத் தண்டு, நல்ல பருமன், அடர்ந்த பச்சைக் கொண்டை. பேரீச்சை அதைவிட ஒல்லி, நீலச் சாம்பல் நிறம், விறைப்பான கீற்று, அடியில் பக்கக்கன்று விடும். கேனரி போலவே தடித்த மரத்தின் அடியில் பக்கக்கன்று தலைகாட்டினால் சந்தேகப்படுங்கள். ஆனால் பேரீச்சையில் கன்று இல்லை என்பது எதற்கும் ஆதாரம் ஆகாது, யாராவது வெட்டி எடுத்திருப்பார்கள்.

பழம் கிடைத்தால் கொட்டையையும் பாருங்கள். பேரீச்சைக் கொட்டை நீளம், கேனரிக் கொட்டை குட்டை, இரு முனையும் உருண்டிருக்கும். கொட்டை பெரும்பாலும் தாய் மரத்தைப் பற்றித்தான் பேசும். அதிலிருந்து முளைக்கும் கன்று யார் பிள்ளை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பக்கக்கன்று அப்படியில்லை, தாயின் அச்சு அசல்.

படி 4: பேரினம் தாண்டிய கலப்பு

இது அரிது, ஆனால் கண்டுபிடிப்பது எளிது. பியூட்டியா என்ற பனைப் பேரினத்தின் ஓலை நீலச் சாம்பலாக வில் போல வளையும், மட்டையில் முள் உண்டு. ராணிப் பனை எனப்படும் சயாக்ரஸின் ஓலை பச்சையாகப் பஞ்சு வால் போல இருக்கும், மட்டையில் முள் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மரத்துக்குக் கோவேறு பனை என்று பெயர். பெரும்பாலும் முளைக்கும் விதை தராது.

படி 5: பெயர்ப்பலகை

கலப்பு என்று உறுதியானால் பெற்றோர் பெயர்களுக்கு நடுவே × குறி போடுங்கள். பார்வையால் கிடைக்கும் உறுதிக்கு எல்லை உண்டு; கலப்பு மரம் மறுபடி அசலோடு சேர்ந்து பிறந்த பேரப்பிள்ளை அசல் போலவே இருக்கும், அதை மரபணுச் சோதனைதான் பிடிக்கும். அதுவரை பலகையில் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வேன்: ‘ஃபீனிக்ஸ், கலப்பாக இருக்கலாம்’.