போடிமெட்டு இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் கார்: இந்தத் தவறுகள் வேண்டாம்

பூப்பாறையிலிருந்து போடிக்கு மாதம் நாலு தடவையாவது இறங்குகிறேன். லீவு நாட்களில் மலையடிவார முந்தல் பக்கம் முன்சக்கரம் புகைய ஒரு காராவது ஓரங்கட்டியிருக்கும். பெரும்பாலும் புது ஆட்டோமேட்டிக். பெல்ட் போடுங்கள், வளைவில் ஹார்ன் அடியுங்கள் என்பதெல்லாம் தெரிந்ததுதான், அதை விடுகிறேன்.

'எல்' (லோ, அதாவது கீழ் கியர்) ஏற்றத்துக்கு மட்டும் என்று நினைப்பது

"எல் எதுக்கு மாமா, இழுக்காத ஏத்தத்துக்குத்தானே?" என்றான் அக்கா மகன். எரிச்சலாக வந்தது. நானும் அப்படி நினைத்துத்தான் என் முதல் சிவிடி (ஒருவகை ஆட்டோமேட்டிக்) காரை வழக்கமாக ஓட்டும் டி-யிலேயே (டிரைவ்) வைத்து, 17 கொண்டை ஊசி வளைவையும் இறக்கப் பார்த்தேன். உள்ளே அம்மா, பிள்ளைகள், கல்யாணச் சாமான். பாதி மலையில் கருகல் வாடை. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றார் அம்மா, நானும் நம்பினேன். இரண்டு வளைவு கழித்துப் பிரேக்கை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது.

டி-யில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போய்விடும். என்ஜின் வண்டியைப் பிடிக்காது, மொத்தப் பாரமும் பிரேக் தலையில். சூடேறினால் பேட் பிடி தளரும். பிரேக் ஆயில் வேறு ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ரக ஆயில் 230 டிகிரி வரை தாங்கும், ஈரமேறியது 155-லேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி. நாம் மிதிப்பது அந்த ஆவியைத்தான்.

எல்-லுக்குத் தள்ளி, கைபிரேக்கை மெல்ல இழுத்து, மலைப்பக்கம் அணைத்து நிறுத்தினேன். டிஸ்க், பேட், ஆயில் மாற்றியதில் அந்த வருஷ ஏலக்காய்க் காசு கரைந்தது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏறுன கியர்லதான்பா எறங்கணும்" என்றார். அவர் ஓட்டுவது ஆட்டோமேட்டிக்கே இல்லை!

மலை உச்சியில், போடிமெட்டில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போதே எல் போடுங்கள். வேகம் பிடித்தபின் போட்டால் என்ஜின் அலறும், மழையில் சக்கரம் வழுக்கும். எல் இல்லையென்றால் மேனுவலுக்குத் தள்ளி 2-ல் வையுங்கள். அப்போதும் வளைவுக்கு முன்னால் பிரேக் தேவைப்படும். அழுத்தி மிதித்து விட்டுவிடுங்கள், காலை அதன் மேலேயே வைத்திருக்காதீர்கள்.

ஸ்போர்ட் போதும் என்பது

லீவரில் உள்ள எஸ் ஓரளவு பிடிக்கும், லேசான சரிவுக்குச் சரி. ஆனால் பல வண்டிகளில் ஸ்போர்ட் பட்டன் ஆக்ஸிலரேட்டரை உசுப்பி, கியர் ஏறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஏற்றத்தில் லாரியை முந்த உதவும்.

நியூட்ரலில் உருட்டுவது

பெட்ரோல் மிச்சமாகாது. கியரில் காலெடுத்து இறங்கினால்தான் பெட்ரோல் விடும் இன்ஜெக்டர் மூடும்.

சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றுவது

கோணிக்கொள்ளும். ஆறட்டும்.

ஏஎம்டி-யை (கிளட்சைத் தானே இயக்கும் கியர்பாக்ஸ்) ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் நிறுத்திவைப்பது

கிளட்ச் போய்விடும்.

எல்-லை மறப்பது

அக்கா மகனிடம் இவ்வளவும் சொல்லி அனுப்பினேன். முந்தல் தாண்டி, சமதளத்திலும் எல்-லிலேயே தேனி வரை போய்விட்டுப் போன் செய்தான்: "மாமா, வண்டி அழுவுது."