டின் சூப்பில் சத்துப் பார்க்கும்போது எங்கே தவறுகிறோம்?

வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியோடு மேலப்பாளையத்துக்கும் கடையநல்லூருக்கும் டின் சூப் வருவதுண்டு. காய்ச்சலில் கிடக்கும் ஆச்சிக்கு "லேசான ஆகாரம்" என்று அதை உடைத்துச் சூடாக்கிக் கொடுக்கிறோம். வயிற்றுக்கு லேசுதான். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் உப்பு விஷயத்தில் அது லேசே இல்லை.

முதல் தவறு, லேபிளில் பாதியை மட்டும் படிப்பது. 100 கிராமுக்கு 300 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருக்கும் 400 கிராம் டின்னை எடுத்துக்கொள்வோம். முழு டின்னில் 1,200 மில்லிகிராம். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு: 3 கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மட்டமாக எடுத்த ஒரு டீஸ்பூன் அவ்வளவுதான். அந்த ஒரு டின்னையும் ஒருவரே குடித்துவிட்டு, தொட்டுக்கொள்ள அப்பளமும் பொரித்தால் மதியச் சோற்றுக்கும் குழம்புக்கும் என்ன மிஞ்சும்?

அஜினோமோட்டோவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் சோடியம் வரியைப் பார்ப்பதில்லை. அஜினோமோட்டோவில் சோடியம் 12 சதவீதம், சாதா உப்பில் 39. இரண்டும் அந்த ஒரே வரியில் சேர்ந்தே வருகின்றன.

'கண்டென்ஸ்டு' என்று போட்ட டின் கெட்டியானது. பெரும்பாலும் டின் அளவுக்கே தண்ணீரோ பாலோ சேர்க்க வேண்டும். சேர்க்காமல் குடித்தால் கிண்ணத்துக்கு உப்பு இரட்டிப்பு. உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். அந்தக் கிழங்கையும் நாம்தானே சாப்பிடுகிறோம்!

உப்பு குறைத்த வகைகள் சிலவற்றில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

டின் மேலே கோழிப் படம் இருந்தால் உள்ளே கோழி நிறைய இருக்கும் என்று நம்ப வேண்டாம். சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். தண்ணீர், மாவு, எண்ணெய் எல்லாம் தாண்டித்தான் கோழி வருகிறதா என்று பாருங்கள். கிரீம் சூப் பலவற்றில் ஒரு கிண்ணத்துக்குப் புரதம் 2, 3 கிராம்தான். ஒரு முட்டையில் 6 கிராம். தக்காளி சூப்பில் வைட்டமின் சி ஓரளவு போய்விடும். ஆனால் தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் சூட்டில் அழியாது. வெந்த தக்காளியிலிருந்து உடல் அதை இன்னும் நன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே டின் சூப்பைச் சாப்பாடாக எண்ணாமல் வெறும் சாறாக எண்ணுங்கள். கெட்டி வகை அல்லாத டின்னில் பாதி, ஒரு டம்ளர் தண்ணீர், உப்பில்லாமல் வேகவைத்த சிறுபயறு ஒரு கப். கொதித்ததும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, நாலு நிமிடம், கடைசியில் மிளகுத்தூள். உப்பு போடவே வேண்டாம். இரண்டு பேருக்குக் காணும். பயறிலிருந்தே ஆளுக்கு 7 கிராம் புரதம்.

மீதியை டின்னோடு வைக்காமல் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மூடி உப்பியிருந்தாலோ திறக்கும்போது பீய்ச்சி அடித்தாலோ ருசிகூடப் பார்க்காதீர்கள். பாட்டுலிசம் என்ற கடுமையான உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமியின் நஞ்சு வாசனையில் தெரியாது. அப்படியே பையில் கட்டி, நாய் பூனை கிளறாத இடத்தில் போட்டுவிடுங்கள்.