கைலுக்கு எதிரே குதிக்காமல் இருப்பது எப்படி: கஷ்டமான மேட்ச்அப்பும் பொறுமையும்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமில், கிட்டே போய்ப் பிடித்து எறியும் சாங்கீஃபை வைத்துக்கொண்டு, கைல் என்ற பாத்திரத்துக்கு எதிரே நின்றால் யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். அவன் தூரத்தில் உட்கார்ந்து சோனிக் பூமாக (பறந்து வந்து தாக்கும் அலை) விட்டுக்கொண்டே இருப்பான், நமக்கோ கிட்டே போனால்தான் வேலை, ஒன்றைத் தடுப்பதற்குள் அடுத்தது வந்துவிடும், சரி போகட்டும் என்று ஒரு ஜம்ப் போட்டால் கீழே தயாராக இருந்த சாமர்சால்ட் கிக் (குட்டிக்கரணம் அடித்து மேல்நோக்கி உதைப்பது) நேராக முகத்தில் விழும். இந்த மேட்ச்அப்பில் (இந்த இரு பாத்திரங்களின் மோதலில்) தோற்பவர்களின் ரீப்ளேக்களைப் பாருங்கள், பூமில் போன உயிர் கொஞ்சம்தான், பெரும்பகுதி அந்த ஜம்ப்பில் போயிருக்கும். கைல் ஆடுபவருக்கு இது நன்றாகவே தெரியும். உங்களைக் கடுப்பேற்றிக் குதிக்க வைக்கத்தான் அத்தனை பூமும்.

பொறுமையாக ஆடு என்று சொன்னவுடன் பலர் என்ன செய்கிறார்கள் என்றால், பின்னால் போய் கார்னரில், அதாவது மேடையின் ஓரத்தில், உட்கார்ந்து பிளாக்கை (தடுப்பை) அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கில்டி கியர் ஸ்ட்ரைவ் என்ற இன்னொரு சண்டை ஆட்டத்தில் பின்வாங்கிக்கொண்டே இருந்தால் டென்ஷன் கேஜையே (சக்தி மீட்டர்) ஆட்டம் பிடுங்கிக்கொள்ளும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் பிளாக் செய்யச் செய்ய டிரைவ் கேஜ் (இந்த ஆட்டத்தின் சக்தி மீட்டர்) கரையும், முழுதாகக் காலியானால் பர்ன்அவுட், அதற்கப்புறம் ஸ்பெஷல் மூவைப் பிளாக் செய்தாலும் உயிர் போகும், கார்னரில் ஒரு டிரைவ் இம்பாக்ட்டை (டிரைவைச் செலவழித்து அடிக்கும் பலமான அடி) பிளாக் செய்தால் தலைசுற்றி நிற்க வேண்டியதுதான். நான் சொல்லும் பொறுமை வேறு: ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தைக் கவனிப்பது, கிடைக்கிற சின்ன இடத்தை எடுத்துக்கொள்வது, எடுத்த இடத்தைத் திருப்பித் தராமல் இருப்பது.

ஏன் ஒரே விஷயம்? ஆட்டம் விநாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் படம்) ஓடுகிறது. டிரைவ் இம்பாக்ட் அடிக்க ஆரம்பித்து விழுவதற்கு 26 ஃபிரேம், அதாவது அரை விநாடிகூட இல்லை. பூம், ஜம்ப், டிரைவ் இம்பாக்ட், த்ரோ (பிடித்து எறிவது) என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் எதற்குமே கை எழாது.

கைலிடம் பார்க்க வேண்டியது அவன் கால்களை. சோனிக் பூம் விட வேண்டுமானால் முதலில் பின்பக்கம் அழுத்திப் பிடித்து சார்ஜ் ஏற்ற வேண்டும், சாமர்சால்ட்டுக்குக் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆகவே அவன் பிளாக் நிலையில் உட்கார்ந்திருந்தால் இரண்டும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது குதிக்கவே கூடாது. அவன் எழுந்து முன்னால் நடக்கிறான் என்றால் சார்ஜை விட்டுவிட்டான், மறுபடி ஏற்றும்வரை பூமும் இல்லை சாமர்சால்ட்டும் இல்லை, அந்தக் கொஞ்ச நேரம் உங்களுடையது. மற்ற நேரத்தில் பூம் வந்தால் பேரி செய்யுங்கள் (இது அடியைத் தாங்கும் தனித் தடுப்பு, பிளாக்கைவிட இது மேல், டிரைவ் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்), இரண்டடி நடங்கள், நில்லுங்கள். மறுபடி பேரி, மறுபடி இரண்டடி. பார்க்க ஒன்றும் நடக்காதது போல இருக்கும், ஆனால் அவன் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறான், அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடத்துக்கு ஒரு எல்லை உண்டு. டைமரில் 99 இருக்கிறது, அதை முழுதாகச் செலவழிக்க வெட்கப்படாதீர்கள். எப்படியோ ஒரு தடவை பிடித்து அடித்து உயிரில் முன்னால் வந்துவிட்டால், அதே டைமர் உங்கள் பக்கம் திரும்பிவிடும் (நேரம் முடிந்தால் உயிர் அதிகம் உள்ளவருக்குத்தான் வெற்றி), இனி கிட்டே வர வேண்டியது அவன்தான்.

கஷ்டப்பட்டுக் கிட்டே போன பிறகுதான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். அரை நிமிடம் அடக்கி வைத்த கோபமெல்லாம் அங்கே வெளியே வரும், கையில் இருக்கிற எல்லா பட்டனையும் அழுத்திவிடுவார்கள். கைல் கார்னரில் விழுந்து எழுந்திருக்கும்போது ஒரு தடவை சும்மா பிளாக் செய்து பாருங்கள். பயந்துபோன ஆட்டக்காரர் எழும்போதே சாமர்சால்ட் அடிப்பார், அதைப் பிளாக் செய்துவிட்டால் அவன் தரைக்கு வருவதற்குள் உங்களிடம் இருப்பதிலேயே பெரிய காம்போவை (தொடர் அடி) போடலாம். அவர் அடிக்காமல் இருந்தாலும் நஷ்டமில்லை, கார்னரில் இருப்பது இன்னமும் அவன்தான்.

டெக்கன் என்ற இன்னொரு சண்டை ஆட்டத்தை ஆடுபவர்களுக்குத் தொல்லை வேறு மாதிரி. அங்கே தூரத்திலிருந்து வருவதைவிட, முடியவே முடியாத ஸ்ட்ரிங்குகள்தான் (அடுத்தடுத்து வரும் அடிகளின் வரிசை) எரிச்சல். நடுவில் எங்கே ஹை (குனிந்தால் தப்பிக்கலாம் என்ற உயரமான அடி) வருகிறது, எங்கே குனியலாம் என்பதை ஆட்டத்துக்கு நடுவில் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். டெக்கன் 8-இல் ரீப்ளேயை நிறுத்தி அந்த இடத்திலிருந்து நீங்களே ஆடிப் பார்க்கலாம். உங்களை அதிகம் அடித்த ஒரே ஒரு ஸ்ட்ரிங்கை எடுத்து, அதற்கு மட்டும் பதில் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை அது வரும்வரை பிளாக் செய்துகொண்டு காத்திருப்பது தானாகவே சுலபமாகிவிடும், ஏனென்றால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று இப்போது தெரியும்.

இதற்கெல்லாம் பயிற்சி உண்டு. டிரெய்னிங் மோடில் டம்மியை (பயிற்சிக்கான எதிராளி) கைலாக வைத்து, ஒரு ஸ்லாட்டில் மெதுவான பூம், இன்னொன்றில் வேகமான பூம், மூன்றாவதில் முன்னால் நடந்து ஒரு உதை, நான்காவதில் சும்மா உட்கார்ந்திருப்பது என்று ரெக்கார்ட் செய்து, எது எப்போது வரும் என்று தெரியாதபடி ராண்டமாக ஓட விடுங்கள். குதிக்காமல் அவனிடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். குதித்துவிட்டால் பின்னால் வந்து மறுபடி ஆரம்பியுங்கள். போரடிக்கும், அந்தச் சலிப்பைத் தாங்கப் பழகுவதுதான் இங்கே வேலை.

அது கைக்குப் பழகிய பிறகு ஜம்ப்பைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: ஒரே இடைவெளியில் தொடர்ந்து பூம் விடுகிறார், அடுத்தது எப்போது வரும் என்று உங்களால் முன்கூட்டியே சொல்ல முடிகிறது என்றால் மட்டும், அது கிளம்பும் அதே கணத்தில் குதியுங்கள்.